முத்தவல்லியின் மழைத் தொட்டி

தாஹிரா: இன்னொருக்கா மூக்கக் கழுவுங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது.

ஜாபர்: கழுவியாச்சு. எரியறது மூக்கு இல்ல தாஹிரா... மானம்.

தாஹிரா: தொட்டித் தண்ணி அப்படியா இருந்துச்சு?

ஜாபர்: தண்ணியா அது? கஷாயம். நேத்துப் பேஞ்ச மழை, பள்ளிவாசல் மாடியில காஞ்ச மிளகையெல்லாம் கொழாய் வழியா தொட்டிக்குள்ள எறக்கியிருக்குது. விடிய விடிய ஊறியிருக்குது.

தாஹிரா: ஜும்ஆத் தொழுகைக்கு வந்தவங்க எல்லாருமா அதுல கை, மொகம் கழுவி ஒளு எடுத்தாங்க?

ஜாபர்: மொதல்ல நாமக்கல் ஹாஜியார். தொட்டியத் தொறந்து வெக்க வந்தவரு அவருதானே. "இனி போர் மோட்டார் ஓடாது, கரண்டு மிச்சம், மலையிலேயே முதல் பசுமைப் பள்ளிவாசல்"னு நான் பேசி முடிச்சேன்...

தாஹிரா: முடிச்சீங்களா? ஸ்பீக்கர்ல கேட்டுட்டு நம்ம பொண்ணு ருக்ஸார், "அத்தா இன்னும் கல்வெட்டுலயே நிக்கிறாரு"ன்னா.

ஜாபர்: பள்ளிவாசல நிர்வாகம் பண்ற முத்தவல்லி, என்ற பேரு அதுல இருக்குதில்ல, சொல்ல வேண்டாமா?

தாஹிரா: இருக்குது. மழைக்குத்தான் அதுல எடம் பத்தல.

ஜாபர்: கேளு புள்ள. ஹாஜியார் பிஸ்மி சொல்லி, கையக் கழுவி, வாய் கொப்புளிச்சாரு. லேசா மொகம் சுளிச்சாரு. மரியாதைக்கு ஒண்ணும் சொல்லல. அப்பறம் மூக்குக்குத் தண்ணி ஏத்துனாரு...

தாஹிரா: யா அல்லா...

ஜாபர்: அவரு தும்முனதப் பாத்துச் சிரிச்சவனெல்லாம் அடுத்து அவனே தும்முனான். ஒரு வரிசை பூரா. நானுந்தான்... நீ சிரிக்கிற.

தாஹிரா: இல்லீங்க. முந்தானை வாயில மாட்டிக்குச்சு.

ஜாபர்: எல்லாம் பாங்கு சொல்ற அந்த மோதினார் ஷாகிரால. மாடியில விழுகிற மழைதான் ஒளுவுக்கு, துரும்பு கெடக்கப்படாதுன்னு வெள்ளை ஓடு பதிச்சுக் குடுத்தேன். யாரும் எதையும் காயப் போடக்கூடாதுன்னு போர்டும் வெச்சேன்.

தாஹிரா: அந்த ஓடு வந்த பொறவு நம்ம செம்மேட்டுல மிளகு காயப் போட அத விட நல்ல களம் ஏதுங்க?

ஜாபர்: யாரு மிளகுன்னு ஹாஜியார் கேக்கறாரு. ஷாகிர் யாரு பேரையும் சொல்லல. "தப்பு என்னுது"ங்கறாரு. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறவு ஜமாத் கூடுது. அவர அனுப்பிடலாம்னு பேச்சு.

தாஹிரா: அனுப்பறதுன்னா... பள்ளிவாசல் ரூமையும் காலி பண்ணோணுமே. அவரு சம்சாரம் நாசியா நெறமாசமுங்க.

ஜாபர்: தெரியும்.

தாஹிரா: நீங்க ஒரு வார்த்தை சொன்னா...

ஜாபர்: என்னன்னு சொல்றது? முத்தவல்லிக்குன்னு ஒரு கௌரவம் இருக்குதில்ல.

தாஹிரா: அப்ப நான் ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கப்படாது... மாடியில மேக்கால காஞ்சது என்னுது.

ஜாபர்: என்ன சொல்ற?

தாஹிரா: வாசலூர்பட்டி பாப்பாயிகிட்ட மிளகு பச்சையா வாங்கிப் போட்டேன். காய வெச்சு வித்தா ருக்ஸார் கம்ப்யூட்டர் கிளாஸ் பீஸுக்கு ஆகும்னு. பொட்டப் புள்ளைக்கு எதுக்குன்னுட்டீங்களே. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மோதினார்கிட்டக் கெஞ்சிக் கேட்டேன். அதான் அந்த மனுசன் யாரையும் காட்டிக் குடுக்கல. ஜமாத்துல போய் என்னையச் சொல்லுங்க.

ஜாபர்: ...உம் மிளகு எங்க இப்ப?

தாஹிரா: அடுப்படியில. மேகம் கருக்கறப்பவே மோதினார் அள்ளிச் சின்ன மூட்டையாக் கட்டி, நாசியாகிட்டக் குடுத்து உட்டுட்டாரு. சிந்துனது கொஞ்சம் தொட்டிக்குப் போயிருக்கும்போல.

ஜாபர்: கொஞ்சமில்ல தாஹிரா. தொட்டியில இருந்து கூடை கூடையா அள்ளுனாங்க.

தாஹிரா: அப்ப... அது யாருதுங்க?

ஜாபர்: என்ற தொப்பிய எடு.

தாஹிரா: அசருக்கு இன்னும் நேரங் கெடக்குதே. எங்க கெளம்பீட்டீங்க?

ஜாபர்: ஷாகிர் ரூமுக்கு. அப்பறம் ஜமாத்துக்கு... கெழக்கால காஞ்சது நம்ம கடை மிளகு. மழையே வந்தாலும் அதுல கை வெக்கப்படாதுன்னு அந்த மனுசங்கிட்ட நாந்தான் சொல்லியிருந்தேன்.