சுலபமான மூன்று கேள்விகள்

கல்பனா: பனமரமா? தேசிய மரம் இன்னான்னு கேட்டா, பனமரம்னா எழுதுன?

ஹெலன்: மெதுவாப் பேசு கல்பனா. கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லாம் பாக்கறாங்க.

கல்பனா: பாக்கட்டும். பூவு?

ஹெலன்: செங்காந்தள்…

கல்பனா: பறவ?

ஹெலன்: மரகதப்புறா. தமிழ்நாட்டோடத எழுதிட்டேன்டி. கொழம்பிப் போச்சு.

கல்பனா: உனக்கா? தினம் எந்த மரத்தடியில நின்னுகினு கீறோம்? மேல பாரு.

ஹெலன்: ஆலமரம். தெரியுது.

கல்பனா: பஸ்ஸு எடுத்தா தாமரக் கொளம். கவரப்பேட்டை தாண்டுனா நெல்லு வயல்ல மயிலு. மரம், பூவு, பறவ… நம்ம ரூட்ட வச்சே எனக்கு மனப்பாடம் பண்ணி வுட்டது யாரு?

ஹெலன்: பரீட்ச ஹால்ல பஸ்ஸா ஓடுது?

கல்பனா: சிரிக்காத. அந்த மூணு சரியா இருந்தா நீதான் பர்ஸ்ட்டு. மெட்ராஸ்ல ஹாஸ்டலு, சாப்பாடு, குரூப் ஃபோர் கோச்சிங்கு… எல்லாம் ஃப்ரீ. மொத்த சாயந்தர கிளாஸுக்கும் ஒரே சீட்டு. இப்ப அது லோகுவுக்கு.

ஹெலன்: போவட்டும். நல்ல பையன்.

கல்பனா: கிளாஸ்ல தூங்கறவன்டி!

ஹெலன்: தூங்கிக்கினே மயிலுன்னு எழுதிட்டான் பாரு.

கல்பனா: விளையாடாத ஹெலன். உனக்கு அடுத்த மாசம் காண்ட்ராக்ட் முடியுது. அப்பால இன்னா பண்ணுவ?

ஹெலன்: …யாரு சொன்னது?

கல்பனா: சூப்பர்வைசர் மேரிக்கா. பரீட்சைக்கு முந்தின நாளே என்கிட்ட சொல்லிட்டாங்க. ஒரே ரூம்ல கீறோம், நீ வாயத் தொறக்கல.

ஹெலன்: நீ மட்டும் தொறந்தியா? ஊத்துக்கோட்டையிலேர்ந்து உன்னப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்களே, அத சொன்னியா?

கல்பனா: அது…

ஹெலன்: "சீட்டு கெடச்சா படி, இல்லன்னா தையில கல்யாணம்." உங்க நைனா சொன்னாருல்ல? நீ போன்ல அழுதுகினு இருந்தப்போ நான் தூங்கலடி.

கல்பனா: தூங்கற மாதிரி படுத்துகினு இருந்தியா?

ஹெலன்: இன்னா பண்றது… எழுந்து வந்து கேட்டா, நீ கண்ணுல தூசுன்னு சொல்லுவ.

கல்பனா: இரு. என்னப் பாத்து சொல்லு. வேணும்னே தப்பா எழுதுனியா?

ஹெலன்: நம்ம கிளாஸ்ல எப்பவும் நீ பர்ஸ்ட்டு, இல்லன்னா நான். நான் கொஞ்சம் எறங்குனா உனக்கு வந்துரும்னு நெனச்சேன். நடுவுல லோகு வருவான்னு எவ கண்டா?

கல்பனா: அய்யோ… பேஜாரு பண்ணிட்டியேடி.

ஹெலன்: ஆமா, நான் எறங்கியும் உனக்கு ஏன் வரல? கிளாஸ்ல பேப்பர் குடுக்கறப்போ பரசுராமன் சார் உன்ன நிக்க வச்சி ஏதோ கேட்டாரே. தலையக் குனிஞ்சிகினு நின்ன…

கல்பனா: பஸ்ஸு வருது. ஏறு.

ஹெலன்: எங்க வருது? அது தண்ணி லாரி. எதுல தப்பு வுட்ட, சொல்லு.

கல்பனா: வேணாம் ஹெலன். போனது போச்சு.

ஹெலன்: சொல்லுடி.

கல்பனா: …அதே மூணுதான். வெறுமனே வுட்டுட்டு வந்துட்டேன். அதுல மட்டும் நீ தப்பே பண்ண மாட்டன்னு நம்பித்தான் வுட்டேன்.