மாயழகி ஓடை

கேட்டுக்கங்கப்பு. புதுசா வாக்கப்பட்டு வந்த பொண்ணுகளும் கிட்ட வந்து கேட்டுக்கங்கத்தா. ரொம்பக் காலத்துக்கு முந்தி நடந்தது இது. எம்புட்டுக் காலம்னு கேட்டா, கரையில நிக்குதே ஆலமரம், அது ரெண்டு எல விட்டுத் தரையோட நின்ன காலம்னு வச்சுக்கங்க.

அப்ப இந்தக் கோரக்குடியில கொஞ்சம் வீடுதான். அம்புட்டும் கூர வீடு. முன்னால கம்மா, பின்னால பொட்டக்காடு. குடிக்க ஒரு தொற, குளிக்க ஒரு தொற, மாட்டுக்கு ஒரு தொறன்னு கம்மாய ஊரே பிரிச்சு வச்சு ஆண்டுச்சாம். மீனு அதுல. பாய் முடையக் கோர அதுல. வயலு பாயுறதும் அதுல. அதனால அத ஊரே பாத்துக்குமாம். வருசத்துக்கு ஒரு வீடு முற. முறக்காரவுக விடிஞ்சதும் கரைய ஒரு சுத்துச் சுத்தி வரணும். எலி வங்கு கெடந்தா அடைக்கணும். சினமீன் ஏறுற காலத்துல எவனாச்சும் வல போட்டா வெரட்டணும்.

ஒரு வருசம் அந்த முற சேவுகன் வீட்டுக்கு வந்துச்சு. சேவுகன் வாயில்லாத மனுசன். அவன் பொஞ்சாதி மாயழகி அதுக்கும் சேத்துப் பேசுறவ. இந்தக் கரையில நின்னு கூப்புட்டா அந்தக் கரையில மேயுற மாடு திரும்பிப் பாக்குமாம். அப்புடிக் கொரலு. ஒரே மக. பேரு குஞ்சரம். பல்லு விழுந்து மொளைக்கிற வயசு. எங்க வகையறாவுக்கு அந்த மாயழகிதான் மூத்த தாயி.

அந்த வருசத்துக்கு முன்னாடி மழ பொய்ச்சுப் போச்சு. நெல்லு கருகிப் போச்சு. சனம் மூட்டயக் கட்டிப் பொழப்புத் தேடிக் கடல் தாண்டிக் கண்டிச்சீமைக்குக் கெளம்ப ஆரம்பிச்சிருச்சு. அந்த நேரத்துலதான் ஒரு வியாபாரி வந்தாராம். அவரு பேரு யாருக்கும் நெனப்புல இல்ல, தொட்டிக்காரருன்னுதான் சொல்லுவாக. "அவுரி போடுங்க. மழ கம்மின்னாலும் அவுரி வரும். அறுத்து ஊறப்போட்டு நீலச் சாயம் எடுப்போம். ஊருல ஒருத்தரும் பட்டினி கெடக்க வேணாம்"னாராம். கம்மாய்க்கு மேட்டுப்பக்கம் செங்கல்லுல தொட்டி தொட்டியாக் கட்டுனாராம்.

எடங்குடுத்தது வயிரவன் அம்பலம். ஊருக்குப் பெரியவரு. சேவுகனுக்குப் பெரியப்பன் மொற. கெட்ட மனுசன் இல்ல. அவரு கேட்டாராம், "ஊறப்போட்ட தண்ணிய எங்கய்யா விடுவீரு?"ன்னு.

"பொட்டக்காட்டுக்கு ஓட வெட்டி விட்டுருவோம்யா"ன்னாராம் தொட்டிக்காரரு.

வெட்டிப் பாத்தாக. மம்பட்டி போகல. அடியில செம்புறாங்கல்லு. "மழ பேஞ்சு மண்ணு எளகட்டும், வெட்டிக்கிருவோம்"னு கழிவ அப்போதைக்குக் கம்மாப் பக்கம் திருப்பி விட்டாக. மழயும் வந்துச்சு. மண்ணும் எளகுச்சு. ஓட மட்டும் வெட்டல.

ஆனா தொட்டி ஊருக்குக் கஞ்சி ஊத்துச்சு. அதச் சொல்லணும்ல? போன சனம் பாதி திரும்பி வந்துச்சு. சேவுகனும் தொட்டிக்குள்ள எறங்கி, நீலம் தெரளட்டும்னு ஊறுன தண்ணிய அடிச்சான். ஆம்பளைக எல்லாரும் இடுப்பு வரைக்கும் நீலமாத் திரிஞ்சாக. நாத்தம் குடலப் புடுங்கும். அதுவும் பழகிப் போச்சாம்.

கம்மா நெறஞ்சு கெடந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. பங்குனியில தண்ணி எறங்குச்சு பாருங்க, அப்பத் தெரிஞ்சுச்சு. மாயழகி விடியக் கரையச் சுத்தப் போறா. கெண்ட ஒதுங்கிக் கெடக்கு. கெளுத்தி ஒதுங்கிக் கெடக்கு. சேத்துல கெடந்தாலும் சாகாதே வெரா, அதுவும் வயித்தக் காமிச்சுக்கிட்டு மெதக்குதாம். எரும தொறையில எறங்குது, மோந்து பாக்குது, குடிக்காமத் திரும்புது.

வீட்டுக்கு வந்து புருசங்கிட்டச் சொன்னா. "இந்தாருங்க. கம்மா சாகுது."

அவன் கஞ்சியக் குடிச்சுக்கிட்டே, "மழ வந்தாச் சரியாப் போகும்"னானாம்.

"அந்தக் கழிவுத் தண்ணிக்குத் தொட்டி அடைப்பத் தொறந்து விடுறது யாரு? நீங்கதான?"

"நான் தொறக்காட்டி இன்னொருத்தன் தொறப்பான்."

அம்பலத்துக்கிட்டப் போனா. "மாமா, முறக்காரியாச் சொல்றேன். தொட்டிய மூடச் சொல்லல. நமக்கும் சோறு வேணும். பேசுனபடி ஓடய வெட்டுங்கன்னுதான் சொல்றேன்."

அம்பலம் யோசிச்சாராம். "ஓட வெட்ட ஆள விட்டா அவுரி அறுக்க ஆளு யாருத்தா? பருவம் முடியட்டும்."

"பருவம் முடியிறப்பக் கம்மா இருக்குமா மாமா?"

"குடிதண்ணிக்குத்தான் அவரு தொட்டிக்குத் தோண்டுன கெணத்துல எடுத்துக்கிறச் சொல்லிட்டாருல்ல? போத்தா. போயிப் புள்ளையப் பாரு."

நெசந்தான். ஊரே தொட்டிக் கெணத்துலதான் தண்ணி எடுத்துச்சு. கம்மாயப் பாக்கவே சனத்துக்குக் கூச்சமாப் போச்சு. அந்தப் பக்கம் போறவுக தலயக் குனிஞ்சுக்கிட்டுப் போனாக.

சித்திரை வந்துச்சு. கம்மா மடையில நின்னு காக்குற மடக்கருப்பருக்குப் பொங்கல். கம்மாத் தண்ணியிலதான் பொங்கணும்னு சட்டம். அந்த வருசம் எல்லாப் பொம்பளையும் சேலைக்குள்ள மறச்சுக் கெணத்துத் தண்ணி கொண்டாந்தாகளாம். கருப்பருக்குத் தெரியாதுன்னு நெனப்பு. மொதப் பான முறக்காரியோடது. மாயழகி கம்மாயில எறங்கி, செத்த மீன வெலக்கிவிட்டு, மொண்டு வந்து ஒல வச்சா. அரிசி வெந்துச்சு. வெந்த சோறு நீலம் பாரிச்சுப் போயிருந்துச்சாம். நாத்தம் தாங்காம முன்னால நின்ன சனம் பின்னால போச்சு. பூசாரி பானையத் தொடல.

மாயழகி எல போட்டா. அகப்பையில அள்ளி வச்சா. "மொதப் பங்கு அம்பலத்துக்குத்தான? எடுத்துக்கங்க மாமா." அம்பலம் கை நீட்டல. தொட்டிக்காரரு முன்னால ஒரு எல வச்சா. அவரு துண்ட மூக்குல வச்சுக்கிட்டாரு. அப்ப அவ கொரலு கெளம்புச்சு பாருங்க. "மனுசருக்கு ஆகாததக் கருப்பருக்குப் படைக்கலாமா? அவருக்குக் கம்மாய விட்டா வேற வீடு ஏது? எல்லாரும் மாத்துத் தண்ணி கொண்டாந்திருக்கீகளே, ஒங்களுக்குத் தெரியாமயா கொண்டாந்தீக?"

சனத்துக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. பட்டதும் என்ன செய்யும்? கோவந்தான் வரும். "சாமிய அசிங்கப்படுத்திட்டா!" "பொங்கலக் கெடுத்துட்டா!" ஆளுக்கு ஆளு கத்துனாக. அன்னைக்குப் பொழுது சாயக் கூட்டம் கூடுச்சு. அம்பலம் எந்திரிச்சுச் சொன்னாராம், "மாயழகியத் தள்ளி வச்சாச்சு. நெருப்புக் குடுக்கப்படாது. தண்ணி குடுக்கப்படாது. பேச்சுக் குடுக்கப்படாது. இது நாட்டுக் கட்டுப்பாடு, பக்கத்து ஊருகளுக்கும் சேத்துத்தான்." சேவுகனப் பாத்து, "நீ எந்தப் பக்கம்ப்பா?"ன்னாராம்.

சேவுகன் பொஞ்சாதியப் பாக்கல. மகளப் பாத்தான். தரையப் பாத்தான். "புள்ள எங்கிட்ட இருக்கட்டும்"னான். அம்புட்டுத்தான் சொன்னானாம்.

மாயழகி கெளம்புனா. வீட்டுக்குப் போனா, மம்பட்டிய எடுத்தா, கூடைய எடுத்தா. தொட்டி மேட்டுக்குப் பின்னால வெள்ளக்கருவேல மரத்தடியில ரெண்டு ஓலையச் சாச்சு வச்சுக்கிட்டா. ஊரு வெட்டாத ஓடய, பொட்டக்காட்டு முனையில இருந்து ஒத்த ஆளா வெட்ட ஆரம்பிச்சா.

வெட்டுனா, வெட்டுனா, வெட்டிக்கிட்டே இருந்தா. செம்புறாங்கல்லுல மம்பட்டி விழுகுற சத்தம் தொட்டிக்குள்ள நிக்கிற ஆம்பளைகளுக்குக் கேக்குமாம். கேட்டும் கேக்காத மாதிரி தண்ணிய அடிப்பாகளாம்.

தாயப் பிரிஞ்ச புள்ள சும்மா இருக்குமா? குஞ்சரம் ஆட்டுக்குட்டியப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் மேய்க்கப் போகும். பேசக்கூடாதுல்ல? அதனால ஆட்டுக்கிட்டப் பேசும். "ஏ ஆடு, இன்னைக்கு நான் கேப்பக்கூழு குடிச்சேன். அப்பாதான் தல பின்னிவிட்டுச்சு. கோணலா இருக்கு." மாயழகி நிமிராம மம்பட்டிகிட்டச் சொல்லுவாளாம், "ஏ மம்பட்டி, தலையில எண்ண வைக்கச் சொல்லு. வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு." இப்புடித்தான் தாயும் மகளும் ஆட்டையும் மம்பட்டியையும் வச்சுப் பேசிக்கிட்டாக.

சோத்துக்கு அவ காட்டுல கெழங்கு தோண்டித் தின்னா. தண்ணிக்கு? கெணத்துப் பக்கம் போக முடியாது. பக்கத்து ஊருலயும் கட்டுப்பாடு. கம்மா உள்வாயில ஊத்துத் தோண்டுனா. ஊத்துலயும் நீலந்தான் ஊறுச்சு. எந்தத் தண்ணி ஆகாதுன்னு ஊருக்குச் சொன்னாளோ, அந்தத் தண்ணியத்தான் அவ குடிச்சா. கருப்பருக்கு ஆகாதுன்னு கத்துனவளுக்கு அதுதான் விதிச்சுச்சு.

காலு வீங்குச்சு. வயித்தால போச்சு. கொரலு ஒடஞ்சுச்சு. ஆட்டுக்குட்டிகிட்டப் புள்ள பேசுனா, பதிலு வரக் கொஞ்ச நேரமாகுமாம்.

ஒருநா குஞ்சரம் கெணத்துத் தண்ணிய ஒரு கலயத்துல மொண்டுக்கிட்டு ஓடுச்சு. தொட்டியில இருந்து சேவுகன் பாத்துட்டான். ஏறிக் குதிச்சு ஓடி வந்து கலயத்தப் புடுங்கித் தரையில ஊத்திட்டான். "ஒன்னையும் தள்ளி வச்சுருவாகடி! ஒன்னையும் தள்ளி வச்சுட்டா நான் என்னடி செய்வேன்?"னு அழுதானாம். ஓடைக்குள்ள மம்பட்டிச் சத்தம் நின்னுச்சு. அவ பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. ஈரத் தரைய மட்டும் பாத்தாளாம். பெறகு குனிஞ்சு வெட்ட ஆரம்பிச்சா.

ஆடி போச்சு, ஆவணி போச்சு. ஓட பொட்டக்காட்டுல இருந்து தொட்டிப் பக்கம் நீண்டு வந்துருச்சு. மிச்சம் ஒரு வண்டி நிக்கிற தூரந்தான்.

ஒரு காலையில குஞ்சரம் ஆட்டோட வந்துச்சு. "ஏ ஆடு, எனக்கு முன்பல்லு மொளச்சிருச்சு"ன்னுச்சு. பதில் இல்ல. "ஏ ஆடு, பெரிய பல்லு!"ன்னுச்சு. பதில் இல்ல. ஓரத்துல வந்து எட்டிப் பாத்துச்சு. ஆத்தா ஓடச் சொவத்துல சாஞ்சு ஒக்காந்திருக்கா. மம்பட்டி மடியில கெடக்கு. கண்ணு தொட்டிப் பக்கம் பாத்தாப்ல இருக்கு.

புள்ள தொட்டிக்கு ஓடுச்சு. அம்புட்டு ஆம்பளையும் உள்ள நின்னு அடிச்சுக்கிட்டு இருக்காக. கட்டுப்பாடு கிட்டுப்பாடு எல்லாம் மறந்து போச்சு அதுக்கு. "அப்பா! ஆத்தா பேசமாட்டேங்குது! நான் கூப்புட்டேன், பேசமாட்டேங்குது!"

சேவுகன் நீலஞ் சொட்டச் சொட்ட ஓடுனான். அவளத் தூக்குனான். தூக்குனப்ப ஒரு கூடை கனங்கூட இல்லன்னு பின்னால சொல்லி அழுவானாம். மரத்தடியில கெடத்தித் துண்டப் போத்துனான். பெறகு ஓடைக்குள்ள எறங்குனான். அவ மம்பட்டிய எடுத்தான். வெட்டுனான்.

தொட்டிக்குள்ள நின்னவுக ஒவ்வொருத்தரா வெளிய ஏறுனாக. தொட்டிக்காரரு, "அவுரிச் சாறு கெட்டுப் போகும், சாறு கெட்டுப் போகும்"னு கத்துனாராம். யாரும் திரும்பல. வீட்டுக்குப் போயி மம்பட்டி எடுத்தாந்தாக. பொம்பளைக கூடை எடுத்தாந்தாக. கடைசியா வயிரவன் அம்பலம் வந்தாரு. மரத்தடியப் பாத்தாரு. தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டுனாரு. ஒரு பொம்பள கையில இருந்த கூடைய வாங்கி மண்ணு சொமந்தாரு.

ஒருத்தரும் பேசல. என்னத்தப் பேசுறது? கட்டுப்பாட்ட எடுத்தாச்சுன்னு சொல்றதா? யாருகிட்டச் சொல்றது? மம்பட்டிச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சாம்.

உச்சி சாயுறதுக்குள்ள ஓட தொட்டிய எட்டிப் புடிச்சிருச்சு. கம்மாப் பக்கம் போற வாயக் களிமண்ணு போட்டு அடச்சாக. நீலத் தண்ணி அவ வெட்டுன ஓடையில விழுந்து பொட்டக்காட்டப் பாத்து ஓடுச்சு. அர நா வேலதான் பாருங்க. அத்தன மாசம் அவ ஒத்தையில வெட்டுனதுல மிச்சம், எல்லாருஞ் சேந்தப்ப அர நாள்ல முடிஞ்சு போச்சு. 

அப்ப குஞ்சரம் கெணத்துக்குப் போச்சு. கலயத்துல தண்ணி மொண்டுச்சு. அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல நடந்து வந்துச்சு. இந்தத் தடவ யாரும் மறிக்கல. மரத்தடியில குந்திக் கேட்டுச்சாம், "ஆத்தா, தண்ணி குடிக்கிறியா?"

அப்பத்தான் ஊரு வாய் விட்டு அழுதுச்சு.

கம்மா ஒடனே தேறல. மழ வந்து, நெறஞ்சு, வத்தி, மறுக்கா நெறஞ்சு, மெல்ல மெல்லத்தான் தெளிஞ்சுச்சு. கெண்ட வந்துச்சு, வெரா வந்துச்சு. ஆரா மீனு மட்டும் இந்தக் கம்மாய்க்குத் திரும்பவே இல்லம்பாக. தொட்டிக்காரரு கொஞ்ச காலம் இருந்துட்டு, அவுரி ஓஞ்சதும் போயிட்டாரு. சேவுகன் அதுக்கப்பறம் தொட்டிக்குள்ள எறங்கல. கெணத்துத் தண்ணியும் குடிக்கல. கம்மா கலங்கிக் கெடந்தப்பவே அதத்தான் மொண்டு குடிச்சானாம்.  குஞ்சரத்தக் கட்டிக் குடுத்துட்டு, பேரன் பேத்தியக்கூடப் பாக்காம அவனும் போய்ச் சேந்தான்.

அந்த ஓடைதான் மாயழகி ஓட. தொட்டி இடிஞ்சு போச்சு, ஓட இருக்கு. மழக்காலத்துல மேட்டுக் கழிவெல்லாம் இன்னைக்கும் அது வழியாத்தான் போகுது, கம்மாய்க்குள்ள வராது. வருசா வருசம் ஆவணியில வீட்டுக்கு ஒரு ஆளு வந்து தூரு வாருறோம். மொத வெட்டு விழுந்ததுல இருந்து ஒருத்தரும் பேசக்கூடாது. இருமுனாக்கூடத் துண்ட வச்சுப் பொத்திக்கிறணும். யாரு மேல என்ன பக இருந்தாலும், தண்ணி இல்லன்னு சொல்ற வழக்கம் கோரக்குடியில கெடையாது.

உச்சிக்கு வந்ததும் எங்க வகையறாவுல இருக்குற சின்னப் பொட்டப்புள்ள ஒண்ணு கலயத்துல தண்ணி கொண்டாரும். ஓடையோரத்துல குந்தி, "ஆத்தா, தண்ணி குடிக்கிறியா?"ன்னு கேக்கும். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் அப்புடியே ஒக்காந்திருக்கும். நாங்க மம்பட்டியக் கீழ வச்சுட்டு நிப்போம். பெறகு அது கலயத்தச் சாச்சுத் தண்ணிய மண்ணுல ஊத்தும். அதுக்கப்பறந்தான் நாங்க ஒரு வா தண்ணி குடிப்போம், பேசுவோம்.