வெள்ளெலி முதுகுல கருப்பு முடி

எலிதாங்கண்ணா. வெள்ளெலி. தரகரு உங்ககிட்ட டாக்டர்னு மட்டும் சொல்லியிருப்பாரு. எங்க அன்புக்கரசி ஊசி போடற டாக்டர் கெடையாது, ஆராய்ச்சி டாக்டர். பெங்களூர்ல எலிங்களோட குடும்பம் நடத்திகினு இருக்கா. அதுலயே முப்பது வயசும் ஆயிடுச்சி. நீங்க மொதல்ல முறுக்க எடுங்க.

என்ன ஆராய்ச்சியா? நான் மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட்ல வேல பாக்கறவன், எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஒருத்தருக்கு கிட்னி போச்சின்னா இன்னொருத்தரோடத வெக்கறாங்க இல்ல, ஒடம்பு அத சும்மா வுடாதாம். இது நம்ம ஆளு இல்ல, வெளியாளுன்னு சண்டைக்கிப் போவுமாம். பர்மனென்ட் ஆளுங்க நடுவுல கான்ட்ராக்ட் ஆளு போயி டீ குடிக்க உக்காந்தா ஒரு பார்வ பாப்பாங்களே, அந்த மாதிரின்னு வெச்சிக்குங்க. நான் ரொம்ப வருசம் கான்ட்ராக்ட்ல இருந்தவன், சட்டுன்னு புரிஞ்சிகிட்டேன். அந்தச் சண்டைய அடக்க ஆயுசுக்கும் மாத்திர முழுங்கணும். மாத்திர இல்லாம ஒடம்பையே ஏத்துக்க வெக்க முடியுமா, அதான் இவ வேல.

கருப்பெலி தோல எடுத்து வெள்ளெலி முதுகுல ஒட்டுவா. கொஞ்ச நாள்ல காஞ்சி வுழுந்துடும். மறுபடி ஒட்டுவா. வருசக்கணக்கா இதே பொழப்பு. எங்க வூட்ல சந்திரகலா, ஒட்டுப் போடறதுதான் தலையெழுத்துன்னா இங்க வந்து ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டுக்கயேண்டின்னு கேட்டேபுட்டா. அப்புறம் ஒருநாளு நான் ஷிப்ட்ல இருக்கேன், போன் வருது. அப்பா, முடி மொளச்சிருக்குப்பாங்கறா. வெள்ளெலி முதுகுல கருப்பு முடி. ஒட்டின தோலு பொழச்சிகிச்சின்னு அர்த்தமாம். அவ அழுவுறா, நானும் அழுவுறேன். கூட இருந்த பழனிவேலு பதறிப்போயி யாருக்கு என்னாச்சிங்கறான். எலிக்கு முடி மொளச்சிருக்குன்னு அவங்கிட்ட எப்பிடிங்க சொல்றது.

அதுக்கப்புறம் அதப் பத்திப் பேச வெளிநாட்ல கூப்ட்டாங்க, போயிட்டும் வந்துட்டா. கல்யாணத்துக்கு அப்பறமும் அவங்க ஆராய்ச்சி பண்ணட்டும்னு உங்க புள்ள பிரவின்குமார் தம்பி சொல்லிச்சாமே. அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குத் தம்பிய புடிச்சிப்போச்சி. இந்த எடம் அமையணும்னு ரொம்ப ஆசைங்கண்ணா, மறைக்கல.

உங்கள மட்டும் தனியா வரச்சொன்னது வேற ஒன்னுக்கு.

தானே புயல்ல உங்க காடாம்புலியூர் முந்திரியெல்லாம் வேரோட சாஞ்சிதே, அந்தப் பொங்கலுக்கு வந்திருந்தா. ஆராய்ச்சில சேந்த புதுசு. கிட்னி வெக்கறதுக்கு முன்னால ரத்தத்துல பொருத்தம் பாப்பாங்களாம், அதப் பாத்துப் பழவணும்னு எனக்கும் அவ அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தா. படிக்கற புள்ள கேக்குதேன்னு குடுத்தோம், அதோட மறந்துட்டோம்.

போன வருசம் இங்க டவுன்ஷிப் ஸ்கூல்ல பசங்களுக்குப் பேசக் கூப்ட்டிருந்தாங்க. நாங்க மொத வரிசைல உக்காந்துகினு இருக்கோம். எந்தப் புள்ளையா இருந்தாலும் பாதி அம்மாகிட்டேருந்து, பாதி அப்பாகிட்டேருந்து வரும், ரத்தத்துல பாத்தா தெரிஞ்சிடும்னு சொல்றா. எங்க ரத்தந்தான் எப்பவோ அவகிட்ட போயிடுச்சே. சந்திரகலா என் கைய கெட்டியா புடிச்சிகிட்டா.

ஆமாங்கண்ணா. நாங்க பெக்கல. ஆஸ்பத்திரில பெத்தவ பெத்ததும் கண்ண மூடிட்டா, கேக்க ஆளில்ல. கோர்ட்டு மூலமா முறையாத்தான் தூக்கியாந்தோம். எந்த ஊரு, என்ன சனம், எங்களுக்கே தெரியாது. எங்க சொந்தத்துல ஒன்னு ரெண்டு பேருக்குத் தெரியும், அவங்களும் வாயத் தொறந்ததில்ல.

அன்னிக்கி ஸ்கூல்லேருந்து வூட்டுக்கு வந்ததும் கேட்டுட்டேன், ஒனக்குத் தெரியுமாம்மான்னு. அந்தப் பொங்கலுக்கே தெரியும்பான்னா. ஏம்மா சொல்லலன்னேன். நீங்க ஏன் சொல்லலியோ அதனாலதாம்ப்பான்னுட்டு, கொழம்பு மிச்சமிருக்காம்மான்னு உள்ள போயிட்டா. எங்களுக்குத்தான் சோறு எறங்கல.

மாப்ள வூட்ல மொதல்ல இத சொல்லிடுங்க, அப்பறமா நான் வந்து நிக்கறேன்னு அவதான் சொன்னா.

இல்ல இல்ல, இப்பவே பதில் சொல்லணும்னு இல்லீங்க. வூட்டுக்குப் போயி அண்ணிகிட்டயும் கலந்துகிட்டு நிதானமா சொல்லுங்க. யோசிக்க வேண்டிய விசயந்தான். அன்னிக்கி நர்ஸம்மா துணில சுத்தி நீட்னப்ப எங்க ரெண்டு பேருக்குந்தான் யோசிக்கணும்னே தோணல.