முள் வெட்டிப் போட்ட தரைப்பாலம்

பெயர் திலகவதி. வயது நாற்பத்து மூன்று. கணவர் பெயர் பரசுராமன். குடியிருப்பு திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. காவல் ஆய்வாளர் விசாரிக்க, நான் சுயநினைவுடன் சொன்னது இது.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடன் வசித்து வருகிறேன். பொன்னேரியைச் சுற்றியுள்ள சிலர் சேர்ந்து ஒரு சைக்கிள் குழு நடத்துகிறோம். வாரம் முழுக்க ட்ரெய்லர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் புகையைத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயல்வெளிப் பக்கம் ஓட்டிப் போவது எங்கள் வழக்கம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறை வரை போவோம். பூண்டி ஏரிக்கரைக்குப் போவோம். திருவள்ளூர் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். இதெல்லாம் வயது வந்தவர்கள் செய்கிற காரியமா என்று என் மாமியார் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் வாரத்தில் மூச்சு விடுகிற நாள்.

எட்வர்ட் எங்கள் குழுவில் உள்ளவர். வயது முப்பத்து நான்கு. ஊர் அத்திப்பட்டு. அங்குள்ள அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவி பெயர் மோனிகா. எட்வர்ட் செகண்ட் ஹேண்டில் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கி அதைக் குழந்தை மாதிரித் துடைத்து வைப்பார். மோனிகா அந்த சைக்கிளை அவருடைய சின்ன வீடு என்றுதான் சொல்வாள். எட்வர்ட் என்னை அக்கா என்று கூப்பிடுவார். எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது.

பொன்னேரியிலிருந்து எங்கள் பக்கத்து ஆரணி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, பூண்டி வழியாகத் திருவள்ளூர் வரை, கனரக லாரி ஒன்றுகூடக் குறுக்கே வராத ஒரு பாதையை எட்வர்ட் போன் மேப்பில் கோடு போட்டு வைத்திருந்தார். கோடையில் பாதியை அவரே ஓட்டிப் பார்த்திருந்தார். வழி நெடுக நெல் வயல், ஏரிக்கரை, பழைய கோயில்கள். குழு முழுவதையும் அந்த வழியில் கூட்டிப் போவதற்கு முன்னால் இரண்டு பேர் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது எங்கள் பழக்கம். அதை வழி பார்ப்பது என்போம். இந்த முறை எட்வர்டும் நானும் போவதாக முடிவானது.

என் கணவருக்கு இது தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும். அன்று காலை என் சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்தவரே அவர்தான். இதையும் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் இருவரும் பொன்னேரியிலிருந்து புறப்பட்டு ஆரணிக்குப் போய், அங்கே கடைத்தெருவில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டு, அதன் பிறகு ஆற்றை ஒட்டிய ஊர்களுக்குள் புகுந்து பெரியபாளையம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். கார்த்திகை மாதம் ஆனாலும் எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று நாளாக மழை இல்லை. நல்ல வெயில் அடித்தது. நாற்று நட்ட வயல்களில் கொக்கு நின்றது. எட்வர்ட் சந்தோஷமாக இருந்தார். "இன்னாக்கா, ஒரு லாரி பாத்தியா? சொல்லு, ஒண்ணு பாத்தியா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

அதன் பிறகு பெரியபாளையத்துக்கு முன்னால் ஆரணி ஆற்றைக் கடக்கும் ஒரு தரைப்பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பாலம் தொடங்கும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பாலத்தின் மேல் தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த முள்ளைப் பற்றி ஆய்வாளர் இரண்டு முறை கேட்டதால் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் சைக்கிளின் டயர் விரல் பருமன்தான் இருக்கும். கருவேல முள் ஒன்று ஏறினால் அன்றைய சவாரி முடிந்தது. அதனால் சாலையில் முள்ளைக் கண்டால் எங்களுக்கு வருகிற ஒரே நினைப்பு டயர்தான். ரோட்டில் போகிற எந்த மனுஷனும், மாட்டு வண்டிக்காரர்கூட, அது எதற்காகக் கிடக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். நாங்கள் யோசிக்கவில்லை. "அக்கா, முள்ளு! டயரு பூடும், தூக்கிக்கினு வா" என்று எட்வர்ட் சொன்னார். இருவரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, முள் காலில் படாமல் பார்த்துப் பார்த்து அதைத் தாண்டி, பாலத்தின் மேல் இறங்கினோம். தாண்டி முடித்ததும் எட்வர்ட் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு எட்வர்ட் சக்கரத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, பெடல் நனையாது, ஓட்டலாம் என்றார். தள்ளிக்கொண்டு நடந்து போகலாமே என்றேன். நாங்கள் போடுகிற ஷூவின் அடியில் பெடலோடு மாட்டிக்கொள்கிற கட்டை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு பாசி பிடித்த சிமென்டில் நடந்தால் வழுக்கி விழுவோம், ஓட்டுவதுதான் பத்திரம் என்று எட்வர்ட் சொன்னார். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. இப்போது கேட்டாலும், தண்ணீர் அவ்வளவுதான் என்றால், அது சரிதான்.

எட்வர்ட் ஷூவைப் பெடலில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். என் முன்சக்கரத்தில் எப்படியோ ஒரு முள் ஏறியிருந்ததைக் கண்டு, அதைப் பிடுங்குவதற்காக நான் நின்றுவிட்டேன். அதன் பிறகு தண்ணீரில் ஏதோ விழும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தின் நடுவில் சாலை அரித்துப் போய்ப் பள்ளமாக இருந்திருக்கிறது. மேலே தண்ணீர் ஓடியதால் அது தெரியவில்லை. எட்வர்ட் சைக்கிளோடு பாலத்தின் கிழக்குப் பக்கமாகச் சரிந்து ஆற்றில் விழுந்திருந்தார். கீழே தண்ணீர் மெல்லிசாக இல்லை. காவி நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. சைக்கிளின் பின்சக்கரம் ஒரு முறை மேலே வந்தது. அதன் பிறகு அவருடைய மஞ்சள் பனியன் ஒரு முறை தெரிந்தது. அதன் பிறகு தெரியவில்லை.

நான் கத்திக்கொண்டே கரையோரமாக ஓடினேன். கருவேலம் புதராக மண்டியிருந்ததால் சிறிது தூரத்துக்கு மேல் போக முடியவில்லை. ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடியும் போனேன். என் கால்களில் இருக்கும் காயம் அப்போது ஏற்பட்டது. எட்வர்டுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது.

அதன் பிறகு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அஞ்சம்மாள் என்பவர் ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஆந்திராவுல அணைய தொறந்துட்டாங்கோன்னு ராவே வந்து சொன்னாங்கோ. அதுக்கோசரம்தானே முள்ளு வெட்டிப் போட்டோம்? முள்ளத் தாண்டிக்கினு யாராவது வருவாங்களா?" என்று என்னிடம் கேட்டார். அதன் பிறகு அவர் ஊர்க்காரர்களைக் கூப்பிட, நான் போனில் போலீசுக்கும் தீயணைப்புக்கும் சொன்னேன்.

அன்று மதியம் முதல் தீயணைப்புத் துறையினர் ரப்பர் படகு போட்டுத் தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். மூன்றாம் நாள் கீழே உள்ள தடுப்பணையில் கோரைக்கு நடுவில் சைக்கிள் சிக்கியிருந்தது. அதன் ஒரு பெடலில் எட்வர்டின் ஷூ மாட்டிய வாக்கில் அப்படியே இருந்தது. உள்ளே கால் இல்லை. அது எட்வர்டுடையது என்று அடையாளம் காட்டியது நான்தான்.

அந்த ஷூவைப் பார்த்த பிறகுதான் மோனிகா அழுகையை நிறுத்தினாள். காலை உருவிக்கொண்டார் என்றால் தப்பித்திருக்கிறார், எங்கேயோ கரையேறி மயக்கமாகக் கிடக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தாள். சோறு கொடுத்தால் சாப்பிட்டாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தண்ணீரின் இழுப்பில் ஷூ தானாகவே கழன்று போகும் என்று தீயணைப்பு வீரர் ஒருவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை நான் மோனிகாவிடம் சொல்லவில்லை.

நேற்று படகை வேறொரு ஏரி உடைப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இனி தண்ணீர் வடிந்த பிறகு பார்க்கலாம், அதற்குள் தானாக மேலே வரும் என்றார்கள். மோனிகா அவர்கள் காலில் விழுந்தாள். பாலத்துக்குக் கிழக்கே ஆற்று வளைவைத் தாண்டி அவரை உயிரோடு பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அந்தக் கரைப் பக்கம் மறுபடியும் படகு இறக்கச் சொல்லிக் கேட்கலாம், இல்லாவிட்டால் ஆளும் படகும் கிடைப்பது கஷ்டம் என்று அதிகாரி ஒருவர் அவளிடம் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அதன் பிறகு நேற்று மாலை மோனிகா பொன்னேரியில் என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வளைவாண்ட அவரு கைய தூக்கினத பாத்தேன்னு மட்டும் சொல்லுக்கா. வேற ஒண்ணும் வாணாம். அப்பதான் படகு எறக்குவாங்கோ" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு போனாள். அவளை அப்படிப் போகவிட்டது தப்புதான்.

இன்று காலை ஸ்டேஷனுக்கு வரும் வழியெல்லாம் அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஒரு கை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆனால் இன்று கையைப் பார்த்தேன் என்று சொன்னால் நாளைக்கும் படகு இறங்கும், நாளைக்கும் அவள் கரையில் போய் நிற்பாள். அதற்கு மறுநாளும் நிற்பாள். நான் சொன்ன கையைப் பிடித்துக்கொண்டே வருஷக்கணக்கில் நிற்பாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. சொல்லாமல் விட்டால் தேடுவது இதோடு நின்றுபோகும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆய்வாளர் கேட்டதற்குப் பதில்: பாலத்திலிருந்து விழுந்த பிறகு எட்வர்டின் கையை நான் பார்க்கவில்லை. வளைவிலும் பார்க்கவில்லை. மஞ்சள் பனியன் முங்கியதைப் பார்த்தேன். அது மறுபடியும் மேலே வரவில்லை.

மோனிகா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கையைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளுக்குப் படித்துக் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், நான் பின்பக்க வழியாகப் போன பிறகு படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. ஒன்றும் கூட்டவில்லை.

(ஒப்பம்)
ப. திலகவதி