ஒடையாத அச்சப்பம்

...செரி, ரோட்டுல குழி உண்டு, இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா குழிய கண்டா வண்டிய பைய விடணுமா, வேண்டாமா? நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க அக்கா! பஸ்ஸு சீட்டுல எடம் இருக்குல்லா, கொஞ்சம் அங்கோட்டு நீங்கி இரிங்க... ஆ, மதி மதி. உங்க முழங்கை இந்த பாக்கெட்டுல இடிக்காம இருந்தா போதும். அச்சப்பமாக்கும், பூ மாதிரி அச்சுல சுட்ட முறுக்கு. விரலு பட்டாலே பொடியும்.

எந்த வண்டியா? அய்யோ, அத சொல்லாமலே பேசிட்டு வாறேன் பாருங்க. அது சிவதாணுன்னு ஒரு டிரைவருக்க வண்டி. ஆரியங்கோட்டுல ரெத்தினதாஸ் சாருக்க பலகாரக் கம்பெனி உண்டுல்லா? ஜிஜி பலகாரம்... ஆமா, அதேதான். ஜிஜி அவருக்க மொவளுக்க பேரு. அந்த கம்பெனி சாமானம் ஒக்க, ஒண்ணு விடாம, கடைகளுக்கு கொண்டு போறது இந்த சிவதாணுவாக்கும். முறுக்கு செரியா போய் சேருது. முந்திரிக்கொத்து செரியா போய் சேருது. அச்சப்பம் மட்டும் பொடிப்பொடியா போய் எறங்குது! கடைக்காரங்க ஒக்க திருப்பி அனுப்புகாவ. பின்னே அனுப்பாம? பெண்ணு வீட்டுக்கு கொண்டு போற அச்சப்பம் ஒடைஞ்சிருந்தா நம்ம ஆளுக சும்மா விடுவாவளா? பந்தியில வச்சே மூஞ்சிய கோட்டுவாவ.

இதுல எனக்கு என்னன்னு கேக்குகீங்களா? எனக்குத்தானே அக்கா முழுசும்! அந்த பாக்கெட்டுக்கு பிளான் போட்டது நானாக்கும். எம்பேரு ரெஜிலா, அமரவிளையில வீடு. கம்பெனிகளுக்கு பிளாஸ்டிக் கவர கொறைக்க வழி சொல்லிக் குடுக்குறது நம்ம வேலை... சிரிக்காதீங்க! எங்க அம்மையும் இப்படித்தான் சிரிச்சா. "பிள்ளே, இத்தன பாடுபட்டு படிக்க வச்சது ஊருல உள்ளவனுக்க கவர உரிக்கவா"ன்னு.

தமாசு இல்ல அக்கா, இப்ப சட்டம் உண்டு. ஒருத்தன் சாமானத்த பிளாஸ்டிக்குல பொதிஞ்சு வித்தா, அந்த பிளாஸ்டிக்குக்கு அவன்தான் பொறுப்பு. நீங்க தின்னுட்டு கவர வெளியில எறியுவீங்க... உங்கள சொல்லல்ல, ஒரு பேச்சுக்கு. எறிஞ்ச அளவுக்கு அவன் திரும்ப சேத்து எடுத்து, மறுசுழற்சிக்கு விட்டேன்னு காட்டணும். சின்ன கம்பெனிக்கு சலுகை உண்டு. ஆனா ரெத்தினதாஸ் சாரு அந்த அளவ எப்பளோ தாண்டியாச்சு, கல்ஃபுக்கெல்லாம் போவுதே! அப்ப என்ன செய்யணும்? மொதல்லயே கவர கொறைக்கணும். கவரு கொறைஞ்சா பொறுப்பும் கொறையும். இவ்வளவுதான் விசயம். ஆனா இத ஒரு முதலாளிக்கு சொல்லி புரிய வைக்க... எனக்கு தொண்டையில தண்ணி வத்திப் போவும். நெய்யாற்றங்கரையில ஒரு சோப்புக்காரரு உண்டு. சோப்புக்கு ஒரு பேப்பரு, பேப்பருக்கு மேல அட்டைப்பெட்டி, பெட்டிக்கு மேல பளபளன்னு பிளாஸ்டிக்கு. எதுக்கு சாரே இவ்வளவும்னு கேட்டேன். "நனையாம இருக்கத்தான்"ன்னு சொல்லுகாரு. சோப்பு அக்கா! சோப்பு நனையப்பிடாதாம்!

வெளிய உள்ளவங்கள சொல்லுவானேன், எங்க மாமி விமலகுமாரிய எடுத்துக்கிடுங்க. கடைக்கு போயிட்டு வந்த ஒரு கவர கூட எறியமாட்டா. கவரு எல்லாத்தையும் மடிச்சு ஒரு கவருக்குள்ள வச்சு, அந்த கவர இன்னொரு கவருக்குள்ள வச்சு மெத்தைக்கு அடியில தள்ளி வச்சிருக்கா. ராத்திரி திரும்பிப் படுத்தா கரகரன்னு சத்தம் கேக்கும். நான் ஊரு முழுக்க போய் பிளாஸ்டிக்க கொறைக்குகேன், எங்க வீட்டுல மாமி அதுக்கு மேல உறங்குகா!

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆ, அச்சப்பம். ஜிஜி அச்சப்பம் முன்ன எப்படி இருந்துது தெரியுமா? உள்ள குழிகுழியா ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டுக்கு மேல ஒரு மெல்லிசு கவரு. அதுக்கு மேல படம் போட்ட பெரிய கவரு. சித்திரை வெயில்ல ஸ்வெட்டரு போட்டு நிக்குற ஆளு மாதிரி! நான் பாத்தேன். "சாரே, அந்த தட்ட எடுங்க. அந்த மெல்லிசு கவரையும் எடுங்க. கொஞ்சம் கட்டியா ஒரு கவரு, அது மதி"ன்னேன். சாருக்கு பேடி, ஒரே பயம். "ஒடைஞ்சு போவாதா ரெஜிலா? பதினஞ்சு வருசமா தட்டுல வச்ச சாமானமாக்கும்"ன்னு. நான் விடுவேனா? "சும்மா சொல்லமாட்டேன் சாரே, சோதிச்சு காட்டுகேன்"ன்னு, தட்டு இல்லாம ஒத்த கவருல போட்ட ஒரு பாக்கெட்ட எடுத்தேன். இதே பஸ்ஸுல நெய்யாற்றங்கரைக்கு போனேன். அங்க இருந்து வேற பஸ்ஸு புடிச்சு அமரவிளை. மறுநாளு அதே வழியா திரும்பி வந்து சாருக்க மேசையில வச்சு கவர கிழிச்சு பொட்டிச்சேன். ஒண்ணு ஒடையணுமே! ஒரு இதளு கூட போவல்ல அக்கா! சாரு எழும்பி நின்னு கைதட்டினாரு. "கொள்ளாம் மக்கா, கொள்ளாம்"ன்னு. எனக்கு கண்ணு நெறைஞ்சு போச்சு. கம்பெனி பிளான் நான் தனியா போட்டது இதுதான் மொத தடவ, கேட்டியளா? இதுக்கு முன்ன இன்னொருத்தர் கையில எடுபிடியா இருந்தேன்.

அதுக்கு பெறவாக்கும் இந்த கூத்து. புது கவரு கடைக்கு போவுது, ஒடைஞ்சு திரும்பி வருது. போவுது, வருது. சாரு என்னைய விளிச்சு கேட்டாரு. எனக்கு கோவம் வந்துது அக்கா. "சாரே, நான் பஸ்ஸுல கொண்டு போனப்ப ஒடையல்ல. சிவதாணு அண்ணன் கொண்டு போனா ஒடையுது. அப்ப பெழை கவருலயா, ஓட்டுறவன் கையிலயா?" ன்னு ஒரே கேள்வி! இண்ணைக்கு காலையில சிவதாணு அண்ணன சாரு கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்காரு. சாமானம் கொண்டு போற ஓட்டத்த வேற ஆளுக்கு குடுக்கப் போறாவளாம். என்னையும் வரச் சொன்னாரு, நேருக்கு நேரு பேசி முடிக்க. அதுக்குத்தான் போறேன், இந்த பாக்கெட்டோட. அவருக்க கண்ணு முன்னாலயே பொட்டிச்சு காட்டப் போறேன். பாத்துக்கிடட்டு!

...ஆமா, பாவந்தான். இல்லேன்னா சொல்லுகேன்? போன கிறிஸ்துமசுக்கு முந்தி எடுத்த வண்டியாக்கும். முன்னால போட்ட மாலை கூட இன்னும் கழத்தல்ல. என்னைய எப்ப கண்டாலும் "சாயா குடிச்சியா பிள்ளே"ன்னு கேக்குற மனுசன். நேத்து போனுல கூட கேட்டாரு. "நான் பைய தான் ஓட்டுகேன் பிள்ளே, பைய தான் ஓட்டுகேன்"னு ஒரே பாட்டு. எல்லா டிரைவரும் அப்படித்தானே சொல்லுவாவ! அதுக்கு நான் என்ன செய்ய? பழைய பிளாஸ்டிக் தட்டு திரும்பி வந்தா எம் பிளானு போச்சு, எம் பேரும் போச்சு. பெறவு எவன் என்னைய விளிப்பான்? கண்டியளா, எனக்கும் சங்கடம்தான்...

என்ன கண்டக்டர் சாரே? டிக்கெட்டு எடுத்தாச்சு. இந்தா இருக்கு. ...பாக்கெட்டா? மேல உள்ள கேரியருல வைக்கவா? ஆளு ஏறினா ஏறட்டும் சாரே, இது எம் மடியில இருக்கு, ஒருத்தருக்கும் எடைஞ்சலு இல்லியே. ...இல்ல சாரே, மேல வைக்க ஒக்காது! அங்க பலாச்சக்கை இருக்கு, அரிவாளு இருக்கு, என்னெல்லாமோ இருக்கு! இது அச்சப்பம் சாரே! இந்த பஸ்ஸு ஆடுற ஆட்டத்துக்கு மேல வச்சா முழுசா இருக்குமா? மடியில வச்சாத்தானே ஒடையாம...

...

அக்கா.

நான் இப்ப என்ன சொன்னேன்?

இல்ல... நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்கு கேட்டுது. அய்யோ எங்கர்த்தாவே! அண்ணைக்கு பஸ்ஸுல கொண்டு போனப்பளும் மடியிலதானே வச்சிருந்தேன்! ஒரு கை அடியில, ஒரு கை மேல. குழி வந்தப்ப ஒக்க தூக்கிப் புடிச்சேன் அக்கா! மூணு மாசத்து பிள்ளைய ஞானஸ்நானத்துக்கு கொண்டு போறவ மாதிரி! அமரவிளையில ஒருத்தி எந்திரிச்சு எனக்கு எடம் குடுத்தா, உள்ள பிள்ளைதான் இருக்குன்னு நெனச்சிருப்பா! இத போய் நான் சோதனைன்னு சொல்லி... சாரு எழும்பி நின்னு கைய தட்டி...

சிவதாணு அண்ணனுக்கு எத்தன மடி உண்டு? ஒரு வண்டி நெறைய அச்சப்பத்த அந்த மனுசன் எங்க வைப்பாரு?

சிரிங்க அக்கா, நல்லா சிரிங்க. சிரிக்க வேண்டிய விசயந்தான். ...இல்ல, வேண்டாம். சாரே! கண்டக்டர் சாரே! இந்தாங்க, மேல வையுங்க. அந்த சக்கைக்கு பக்கத்துல வையுங்க. சக்கை மேல சாஞ்சாலும் பரவால்ல. வண்டியில பெட்டிக்கு மேல பெட்டி சாயத்தானே செய்யுது. ...ஆமா, இப்பதான் ஒக்காதுன்னு சொன்னேன். இப்ப ஒக்கும்னு சொல்லுகேன். வையுங்க!

கை சும்மா இருந்தா என்னவோ மாதிரி இருக்கு அக்கா. ஓ... வந்தாச்சு ஒரு குழி. கேட்டியளா சத்தம்? இந்த டிரைவரு பைய தான் போறாரு, நான் பாத்துட்டேதான் இருக்கேன். பைய தான் போறாரு. இன்னொண்ணு! கர்த்தாவே!

பெருங்கடவிளை வந்தாச்சா? நீங்க இங்கயா எறங்கணும்? அய்யோ, ஒரு நிமிசம் நில்லுங்க, முழுசையும் கேட்டுட்டு முடிவு காணாம போவாண்டாம். சாரே, அத ஒண்ணு எடுத்துத் தாங்க. ...இந்தா. பொட்டிச்சாச்சு. பாத்தியளா! ஒண்ணு கூட முழுசா இல்ல. புட்டுக்கு நனைச்ச மாவு மாதிரி கிடக்கு! கைய நீட்டுங்க அக்கா. ரெண்டு கையும். வீட்டுல பிள்ளைக்கு குடுங்க, ருசிக்கு ஒரு கொறையும் இல்ல. சாரே, உங்களுக்கும். பின்னால இருக்குறவங்களுக்கும் குடுங்க. செரி அக்கா, பாத்து எறங்குங்க. வாறேன்!

...ஹலோ? ரெத்தினதாஸ் சாரா? ரெஜிலாவாக்கும். சாரே, சிவதாணு அண்ணன் வந்தாச்சா? முற்றத்துல நிக்காரா? ஒண்ணும் சொல்லல்லயே? ஸ்தோத்திரம்! ஒண்ணும் சொல்லாதீங்க சாரே. அவருக்கு ஒரு சாயா குடுத்து உள்ள இருக்கச் சொல்லுங்க. ...வண்டியில பெழை இல்ல. எம் பேருலயாக்கும் பெழை. வந்து சொல்லுகேன், அவருக்க முன்னாலயே சொல்லுகேன். ...தட்டா? தட்டு வேண்டாம் சாரே! அத மட்டும் திரும்ப கொண்டு வராண்டாம். பேப்பருல தடுப்பு வச்சு பாப்போம், அச்சப்பத்த நிமுத்தி அடுக்கி பாப்போம், ஏதாவது வழி உண்டு. ...ஆமா, சோதிச்சு பாத்துட்டுத்தான். சிவதாணு அண்ணனுக்க வண்டியிலயே சோதிப்போம். நானும் கூட போறேன். முன் சீட்டுல இல்ல சாரே, பின்னால, பெட்டிகளுக்க கூட.

...இல்ல சாரே. சத்தியமா மடியில வைக்கமாட்டேன்.