என் கணவர் காலைப் பிடித்ததும் நான் விடச் சொன்னதும்

எனது பெயர் அம்சவல்லி, வயது 26, கணவர் பெயர் ரெத்தினவேல். நன்னிலம் வட்டம் கீழக்குறும்பூர் தெற்குத் தெருவில் கணவர், மாமனார், பத்து மாதப் பெண் குழந்தை ஆகியோருடன் வசித்து வருகிறேன். மயிலாடுதுறையில் பி.எஸ்சி. கணிதம் படித்திருக்கிறேன். எழுதத் தெரிந்தவள் என்பதால் இதை என் கைப்பட எழுதித் தருகிறேன். சம்பவம் நடந்த அன்றே நான் காவல் நிலையத்துக்கு வந்தேன். ரைட்டர் அவர்கள், "வீடியோவே இருக்கு, நீ எதுக்கும்மா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி வந்தபோதும் எழுதிக்கொள்ளவில்லை. அதன் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இந்த வாக்குமூலம் தாமதமானதற்குக் காரணம் இவைதான். உட்கார்ந்து யோசித்துக் கதை கட்டுவதற்காகத் தாமதிக்கவில்லை.

என் கணவர் கபடி வீரர். டி.வி.யில் காட்டப்படும் லீக் போட்டியில் கோவாவைச் சேர்ந்த முதலாளி ஒருவரின் அணிக்காக மூன்று வருடமாக விளையாடி வருகிறார். பாடிக்கொண்டு வருகிறவரின் கணுக்காலைக் குனிந்து பிடித்து நிறுத்துவது அவருடைய வேலை. ஊரில் சின்ன வயதிலிருந்து அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் நாகூர் நெய்னா முகம்மது சார். அவர் எல்லாப் பையன்களுக்கும் சொல்லும் ஒரே வார்த்தை, "விசில் அடிக்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது, எதிராளி விழுந்துட்டான்னு நீயா நினைச்சுக்காதே" என்பது. இதை நான் ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் டி.வி.காரர்கள் விளம்பரப் படம் எடுக்க எங்கள் ஊருக்கு வந்தார்கள். அப்போதுதான் எங்களுக்குக் கல்யாணமாகியிருந்தது. என் கணவருக்கு 'டெல்டா முதலை' என்று பெயர் வைத்தது அவர்கள்தான். அதற்கு முன் ஊரில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் குத்தகை வயலை ஒட்டிய வாய்க்காலில், மதகுக்குப் பக்கத்தில், அவரை மூக்கு வரை தண்ணீரில் உட்காரவைத்துக் கையை மட்டும் நீட்டி மேலே எழச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு தடவை எழும்போதும் சிரித்துவிட்டார். கரையில் நின்ற எங்கள் தெருப் பெண்கள், "ரெத்தினம், சோப்பு வேணுமா?" என்று கேட்டதில் அவரால் அடக்க முடியவில்லை. படம் எடுத்தவர், "சார், உங்க வீட்டை இடிக்க வந்தவனைப் பாக்குற மாதிரி பாருங்க" என்றார். அதற்கும் சிரித்தார். சாயங்காலம் குளிரில் பல் கிட்டி, சிரிக்கத் தெம்பில்லாமல் ஒரு தடவை எழுந்தார். அதைத்தான் ஒளிபரப்பினார்கள். கூடவே ஒரு குரல், "பிடித்தால் விடமாட்டான்" என்று சொல்லும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் அம்மா, மாப்பிள்ளைக்கு ஏதாவது கோபமா என்று போன் செய்து கேட்டார்.

அதன் பிறகு ஒரு போட்டியில் இவர் பிடித்ததில் ஹரியானா பையன் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்தது. டி.வி.யில் அதை மெதுவாக ஓட்டி, முதலை வாய் மூடுகிற சத்தத்தைச் சேர்த்துப் பலமுறை காட்டினார்கள். இவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையனைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். இவருக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேரும் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றார்களாம். அங்கே கேமரா யாரும் வரவில்லை.

குழந்தை பிறந்த பிறகு ஒரு பத்திரிகையிலிருந்து வந்து, களத்தில் முதலை வீட்டில் கோழிக்குஞ்சு என்று எழுதினார்கள். மனைவிக்குத் தினமும் சமைத்துக் கொடுப்பார் என்றும் போட்டிருந்தது. அதுவும் உண்மையல்ல. அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஊரில் இருந்தால் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கமாட்டார். கோபம் வந்தால் பேசமாட்டார், நாலு நாள்கூட முகத்தைத் தூக்கிக்கொண்டிருப்பார். முழங்கால் வலியை என்னிடம் மறைப்பார். ஒரு தடவை கதவை ஓங்கி அறைந்ததில் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது, அதை அவரே திரும்ப அடித்தார். என் மேலோ யார் மேலோ கை வைத்ததில்லை. ஐயா, அவரைத் தெய்வம் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இனி நிலத்தைப் பற்றி. சம்பந்தப்பட்ட நிலம் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். என் மாமனார் ஐயாவு முதலில் அங்கே கூலிக்கு இறங்கி, பிறகு குத்தகைதாரராகி, இந்நாள் வரை சாகுபடி செய்கிறார். போன வருடம் அறக்கட்டளையார் அதை மேலத்தெரு செல்லதுரை பெயருக்குக் குத்தகைக்கு விட்டதாகச் சொன்னார்கள். வருவாய் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. செல்லதுரை கட்சியில் பொறுப்பில் இருப்பவர். அந்த விளம்பரப் படம் டி.வி.யில் வந்தபோது கடைத்தெருவில் என் கணவருக்கு முதலைப் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்ததும் அவர்தான். அவருக்கும் என் கணவருக்கும் அதற்கு முன் விரோதம் எதுவும் கிடையாது.

தை மாதக் கடைசியில், சம்பா கதிர் பழுத்து நின்றபோது, செல்லதுரை அறுவடை மிஷினைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தது, சக்கரத்துக்குப் பதில் பல் வைத்த பெல்ட்டில் ஓடுகிற வண்டி. சேதி தெரிந்து மாமனார் ஓடிப்போய் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். என் கணவரும் போனார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய் வாய்க்காலின் எதிர்க்கரையில் நின்றேன். அங்கிருந்து மதகும் தெரியும், மிஷினும் தெரியும். செல்லதுரையுடன் வந்த ஐந்தாறு பேர் ரோட்டுப் பக்கம் நின்றார்கள்.

செல்லதுரை என் கணவரைப் பார்த்து, "என்னடா முதலை, தண்ணிய விட்டு வெளிய வந்துட்டே?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர், "அண்ணே, கோர்ட்டு சொல்லட்டும்ணே, அது வரைக்கும் கதிரு நிக்கட்டும்" என்றார். "கதிரு உனக்காக நிக்குமாடா? உன் ஆட்டத்தை டி.வி.யில காட்டு" என்று செல்லதுரை சொன்னார். அதன் பிறகு அவருடைய ஆட்களில் இரண்டு பேர் வந்து என் மாமனாரைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள், அவர் திமிறியதில் சேற்றில் விழுந்து நெற்றியில் சிராய்த்துக்கொண்டார். அதன் பிறகு என் கணவர் சத்தம் போட்டார். போட்டது உண்மை. "பெரிய மனுசன் மேல கை வைக்கிறீங்களே, நல்லாருப்பீங்களா?" என்று கத்தினார். ஆனால் யாரையும் தொடவில்லை. அந்த இரண்டு பேரும் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனார்கள். மாமனாரைத் தூக்கிவந்து வரப்புக்குக் கீழே மதகடியில் உட்காரவைத்துவிட்டு, துண்டை நனைப்பதற்காக வாய்க்காலில் இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது.

அப்போது செல்லதுரைக்குப் போன் வந்தது. அவர் மதகை ஒட்டிய வரப்பின் மேல் ஏறி, மிஷினுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு காதில் போனும் இன்னொரு காதில் விரலுமாகப் பேசிக்கொண்டிருந்தார். மிஷின் ஓட்டுநர் முன்னால் ஆள் கிடந்த இடத்திலிருந்து வண்டியைத் திருப்ப நினைத்தோ என்னவோ, பின்னுக்கு எடுத்தார். வண்டி நேராக அந்த வரப்பை நோக்கி வந்தது. என் கணவர் கீழேயிருந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நகருங்க! அண்ணே!" என்று கத்தினார். இன்ஜின் சத்தத்தில் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. நானும் கத்தினேன். செல்லதுரை திரும்பவில்லை. அதன் பிறகு என் கணவர் தண்ணீரிலிருந்து எழும்பி, வரப்பின் மேலிருந்த செல்லதுரையின் வலது கணுக்காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அந்த உயரத்தில் அவருக்கு எட்டியது கால் மட்டும்தான். செல்லதுரை சரிந்து விழுந்தார். தலை மதகின் சிமெண்ட் விளிம்பில் பட்டது. அவருடைய இடது கால் செருப்பு நின்ற இடத்திலேயே கிடந்தது. பெல்ட் அதன் மேல் ஏறியது. அதற்குப் பிறகுதான் ஓட்டுநர் பார்த்து இன்ஜினை நிறுத்தினார்.

இன்ஜின் நின்றதும் பெரிய அமைதியாகிவிட்டது. ரோட்டுப் பக்கம் நின்றவர்கள் அந்த அமைதியில்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் போனில் படம் எடுக்க ஆரம்பித்தது அப்போதுதான். எனவே அந்தப் படத்தில் ஓடுகிற மிஷின் கிடையாது. தலையில் ரத்தத்துடன் கிடக்கிற செல்லதுரையும், தண்ணீரில் நின்று அவர் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற என் கணவரும்தான் இருக்கிறார்கள். அவர் பிடித்துக்கொண்டே நின்றது உண்மை. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. அப்போது, "விடுங்க, விட்டுடுங்க" என்று ஒரு பெண் குரல் கேட்கும். அது நான். நான் சொன்னது என் கணவரிடம்தான். செல்லதுரையின் ஆட்களிடம் சொன்னதாக எழுதிவிடு, அதுதான் நல்லது என்று வேண்டியவர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, அதனால் எழுதவும் முடியவில்லை.

அன்று மாலையே டி.வி.யில் ஒரு பாதியில் விளம்பரப் படத்தையும் மறு பாதியில் இந்தப் படத்தையும் போட்டார்கள். அதே வாய்க்கால், அதே மதகு, அதே கை. முதலைச் சத்தத்தையும் விடவில்லை. 'மனைவி கதறியும் விடாத முதலை' என்று கீழே ஓடியது. என் குரலை எத்தனை தடவை போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. குழந்தை டி.வி. பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வீரர்களின் களத்துக்கு வெளியேயான நடத்தையில் சமரசம் செய்துகொள்ள முடியாது என்று அணி நிர்வாகம் அறிக்கை விட்டு ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. அவர்கள் விற்ற முதலைப் படம் போட்ட பனியன் எங்கள் தெருவில் நாலு வீட்டுக் கொடியில் இன்றைக்கும் காய்கிறது.

நான் செய்து பார்த்தவற்றையும் எழுதிவிடுகிறேன். விளம்பரப் படம் எடுத்த டி.வி.காரருக்குப் போன் செய்து, என் கணவர் சிரித்த படங்களைக் கொடுங்கள், கோர்ட்டில் காட்டுகிறோம் என்று கேட்டேன். "மேடம், சிரிச்சதெல்லாம் அன்னிக்கே டெலீட் பண்ணிட்டோம், யூஸ் ஆகாததை எதுக்கு வெச்சுக்கப் போறோம்?" என்றார். மிஷின் ஓட்டுநர் அன்றே வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, மிஷின் பிடித்துத் தரும் ஏஜெண்டு கொடுத்த நம்பர் அணைந்திருக்கிறது. பெல்ட் ஏறிய இடது செருப்பைச் சேற்றிலிருந்து எடுத்து வந்து காவல் நிலையத்தில் காட்டினேன். "செருப்பைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வர்றியா? என்ன தைரியம்?" என்று ரைட்டர் அவர்கள் சத்தம் போட்டார். நான் மரியாதைக் குறைவாகக் கொண்டுவரவில்லை. பெல்ட்டின் பல் பதிந்து அது இரண்டாக நசுங்கியிருக்கிறது. இப்போதும் எங்கள் வீட்டு வாசலில் வாளிக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன், நாய் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக. கேட்டால் தருகிறேன்.

செல்லதுரை தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் என் கணவர் மேல் உள்ள வழக்கு கொலை வழக்காகிவிடும் என்கிறார்கள். அவர் விழிக்க வேண்டும் என்று அவர் மனைவி எவ்வளவு வேண்டுகிறாரோ அவ்வளவு நானும் வேண்டுகிறேன். ஆனால் ஐயா, அவர் விழித்தாலும் மிஷினுக்கு முதுகு காட்டி நின்றவர். யாரோ காலைப் பிடித்து இழுத்தது மட்டும்தான் அவருக்கும் தெரிந்திருக்கும். என் மாமனார் நெற்றியைப் பிடித்துக் குனிந்திருந்தார், அவர் பார்க்கவில்லை. பார்த்தவள் நான் ஒருத்தி. நான் மனைவி என்பதால் என் சொல் எடுபடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். டி.வி.யில் மட்டும் மனைவி குரல் எடுபடுகிறது.

காப்பாற்ற இழுத்தவர் விழுந்த பிறகும் ஏன் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எஸ்.ஐ. அவர்கள் என்னிடம் கேட்டார். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். அவர் ஊரில் இருக்கும் நாட்களில் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார். குழந்தை உதைத்தாலும் அந்தக் கை விடாது. விரலைப் பிரித்தாலும் பிரியாது. நான், "விடுங்க" என்று சொன்னால் தூக்கத்திலேயே விட்டுவிடுவார். பதினைந்து வருடமாக விசிலுக்குப் பழகின கை. வயலில் விசில் அடிக்க யாரும் இல்லை, அதனால் நான் வீட்டில் சொல்வது போலச் சொன்னேன்.

டி.வி.யில் காட்டும் படம் என் குரலோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அந்தப் போனில் படம் ஓடியது, எடுத்தவர் கையை இறக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். முழுப் படத்தையும் வாங்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னதும் அவர் விட்டார். விட்டுவிட்டு, செல்லதுரையைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடினார்.

இதில் உள்ள எழுத்து முழுவதும் என்னுடையது, யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை, திரும்பப் படித்துப் பார்த்தேன், மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. படத்தில் கேட்கும் குரல் என்னுடையது என்பதையும் இதன் மூலம் உறுதி செய்கிறேன்.

ரெ. அம்சவல்லி
கீழக்குறும்பூர்