ஏற்றத்துக்குப் பல் கூட்டியவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத்தின் மூத்த நிர்வாகிகளே, உதிரிபாகக் கடை உரிமையாளர்களே, கையில் ஒட்டிய கிரீசைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பற்றியபடி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

செயலாளர் என்ற முறையில் நான் பேச வேண்டும் என்றார்கள். என்ன பேசுவேன்? இந்த மண்டபத்தை இன்றைக்குப் பதிவு செய்தவரே நம் தலைவர்தானே! நம் ஆண்டுக் கூட்டத்துக்காகப் பதிவு செய்தார். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக முன்வரிசையில் இடம் விடச் சொன்னவரும் அவர்தான். சொன்னபடியே விட்டிருக்கிறார்கள். எல்லோரும் வந்துவிட்டோம். தலைவர் எங்கே?

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் ஒரு பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "அந்த ஸ்பேனர எடுப்பா" என்றார். எடுத்துத் திரும்பினேன். சுவரில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டேன். உலுக்கினேன். மருத்துவமனையில் டாக்டர் கையை விரித்தபோதும் அந்த ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவரா அவர்? ஒரு ஸ்பேனரை எடுத்துத் திரும்புவதற்குள் ஒரு மனிதர் இல்லாமல் போவாரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பல்லண்ணன்! நம் தலைவரை எல்லோரும் அழைத்த இந்தப் பெயரைக் கேட்டு, பல் வைத்தியர் என்று நம்பி, வீங்கிய கன்னத்தோடு ஒருவர் பட்டறைக்கே வந்துவிட்டார். நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நிஜமான பல் டாக்டரிடம் விட்டு வந்தார். வந்த பிறகுதான் சிரித்தார்.

எந்தப் பல்லால் அவருக்கு அந்தப் பெயர்? மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஒட்டி ஒரு சின்னப் பல்சக்கரம், பின்சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சேர்த்து ஓடும் செயின். பின்னால் பற்களைக் குறைத்தால் வண்டி பறக்கும். கூட்டினால் வேகம் குறைந்து இழுவை ஏறும். நாம் அத்தனை பேரும் அறிந்த வேலைதான். பறக்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு நாமும் மாற்றிக் கொடுத்திருக்கிறோம். ஏற முடியாமல் நின்றவர்களைத் தேடிப் போய் மாற்றிக் கொடுத்தவர் யார்? பல்லண்ணன்! பல்லண்ணன் ஒருவர்தான்!

அண்ணியின் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். சிறு வயதிலேயே கால்கள் வலுவிழந்தவர் அண்ணி. பக்கச் சக்கரங்கள் பூட்டிய மோட்டார் சைக்கிளில் அச்சகத்துக்குப் பிழை திருத்தும் வேலைக்குப் போவார். வழியில் ஒரு மேம்பாலம். பாதி ஏற்றத்தில் வண்டி திணறி நின்றுவிடும். யாராவது தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்ட கையோடு, எதற்கு இந்தப் பாடு, பேசாமல் வீட்டில் இருக்கலாமே என்று புத்தியும் சொல்வார்கள். ஒரு நாள் அண்ணன் போய், தள்ளட்டுமா என்று கேட்டார்.

"தள்ளிவிட நிறைய பேர் இருக்காங்க. ஏற வைக்க ஆள் இருந்தா சொல்லுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வேகம் ரொம்பக் குறையக் கூடாதென்று, முதலில் எஞ்சின் பக்கப் பல்சக்கரத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாக மாற்றினார்; அதிலும் ஓரளவு இழுவை ஏறும். போதவில்லை. அதே ஏற்றத்தில் வண்டி நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. ஓடிப்போய்த் தோளைக் கொடுத்து நிறுத்தினார். முழங்கால் இரண்டும் கிழிந்தன. அண்ணி கோபப்படவில்லை. பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டால் சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போவார்கள் என்று அண்ணன் தயங்கினார்.

"முந்திட்டுப் போகட்டுங்க. நான் நிக்காம போனா போதும்."

பெரிய பல்சக்கரம் ஏறியது. செயினுக்குக் கூடுதல் கண்ணிகள் சேர்ந்தன. மறுநாள் அந்த வண்டி முனகிக்கொண்டே மேம்பாலத்தின் உச்சிக்குப் போனது. யாரும் தொடவில்லை. அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழேயே நின்றார். தொடக்கூடாது என்று தன் கையைத் தானே பிடித்து வைத்திருந்ததாக என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகும் தினமும் பாலத்தடியில் போய் நின்றார். வண்டிதான் நன்றாக ஏறுகிறதே, இன்னும் எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று அண்ணி கேட்டாராம். பதிலை அண்ணனுடைய அம்மா வந்து சொன்னார், பெண் கேட்டு!

அன்று தொடங்கி எத்தனை வண்டிகள்! எத்தனை ஏற்றங்கள்! இங்கே முன்வரிசையில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

தோழர்களே, நேற்று துக்கம் விசாரிக்க வந்தவர்களில் கடைத்தெரு கடிகாரக்காரரும் ஒருவர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். அவருடைய வண்டி சக்கரம் கழற்றிய நிலையில் பட்டறையில் கிடக்கிறது. வேறு எங்காவது கொண்டுபோகட்டுமா என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணி பேசினார்.

"எதுக்குங்க? அது அவர் ஒத்துக்கிட்ட வேலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, பட்டறையத் திறப்பீங்கல்ல?"

அதற்கான பதிலை இப்போது இந்தச் சபை அறியச் சொல்கிறேன், அண்ணி. திறப்போம். பக்கச் சக்கர வண்டி எது வந்தாலும் நம் சங்கத்தின் எந்தப் பட்டறையிலும் அதற்கே முதல் இடம். கைகளை உயர்த்துங்கள், தோழர்களே. அண்ணி பார்க்கட்டும்.

நாளைக் காலை கடிகாரக்காரரின் வண்டியில் வேலை தொடங்குகிறது.